தேர்வு நடத்துபவரே பாடமும் நடத்தலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்னிணைப்பு, எரிவாயுக் குழாய், கொதிகலன், குளிர்பதனம், கனரக வாகனம் என்று உரிமம் பெறாமல் செய்யக் கூடாத தொழில்கள் பல. இவற்றுள் நுழைய விரும்புபவர் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற ஒரு மையத்தில் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறிய பிறகே உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். சென்ற இதழில், பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுப்பது குறித்துக் கேட்ட ஒருவருக்கு, "விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பட்டறையைப் பாருங்கள்" என்று இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து, பயில்பவர்களும் மையம் நடத்துபவர்களும் உரிம வாரியத்தில் அங்கம் வகிக்கும் ஒருவரும் எழுதிய கடிதங்கள் வந்துள்ளன. எல்லாக் கடிதங்களும் ஏதோ ஒரு வகையில் மையங்களுக்கு இடையே நடக்கும் போட்டி நியாயமானதா என்பதையே கேட்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் மின்பணியாளர் உரிமத்துக்கான பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறேன். மையங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதும் தேர்வு நடத்துவதும் எங்கள் தொழிலுக்கான சங்கத்தின் பொறுப்பு. இப்போது அந்தச் சங்கமே பயிற்சி வகுப்புகளையும் தொடங்கியுள்ளது. எங்கள் பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். சங்கத்தின் வகுப்புக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. "தேர்வு வைப்பவர்களிடமே படித்தால் பயமில்லை" என்று மாணவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். இது முறைதானா?

பதில்: முறையில்லை. சங்கம் பாடம் நடத்துவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. தொழிலில் பழுத்தவர்கள் கற்பிக்க முன்வருவது நல்லதுதான். ஆனால் தன் போட்டியாளர்கள் யார், அவர்கள் எப்போது கடையைத் திறக்கலாம், அவர்களுடைய மாணவர்களுள் யார் தேறினார் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே சந்தையில் தானும் கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தும்போது, அந்த அதிகாரத்தை அவர்கள் நேர்மையாகவே பயன்படுத்தினாலும்கூட மாணவர்களின் மனத்தில் எழும் ஐயத்தை யாராலும் அகற்ற முடியாது. நீங்கள் குறிப்பிட்ட "பயமில்லை" என்ற ஒரு சொல்லே அதற்குச் சான்று. மாணவர் அந்த வகுப்பை நாடுவதற்குக் காரணம் கற்பித்தலின் தரம் அல்ல, தேர்வைப் பற்றிய அச்சம்.

உங்களுடையதைப் போன்ற ஒரு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. போர்ச்சுகலில் கணக்காளர்களுக்கென ஒரு தொழில்முறைக் கழகம் உண்டு. அதில் உறுப்பினராகாமல் அந்தத் தொழிலைச் செய்ய இயலாது. உறுப்பினர்கள் தொடர்ந்து பயிற்சி பெற்று, ஆண்டுக்குச் சராசரியாக 35 புள்ளிகள் ஈட்ட வேண்டும் என்று அக்கழகம் விதி செய்தது. அவற்றுள் 12 புள்ளிகளை, 16 மணி நேரத்துக்கு மேற்படாத ஒரு வகைப் பயிற்சியின் வழியாகவே பெற வேண்டியிருந்தது. அந்த வகையை நடத்தும் உரிமை கழகத்துக்கு மட்டுமே இருந்தது. நீண்ட நேரப் பயிற்சிகளைப் பிறரும் நடத்தலாம் என்றாலும், அதற்குக் கழகத்தின் அங்கீகாரம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கழகம் நடத்திய பயிற்சிக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை.

2013 பிப்ரவரி 28 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதில் தீர்ப்பளித்தது. பயிற்சி முறையை வகுக்கும் கடமையைச் சட்டமே கழகத்துக்கு அளித்திருந்தாலும், அதற்காகக் கழகம் செய்யும் விதி, வணிகத்தில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டிச் சட்டத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. சந்தையின் ஒரு பகுதியில் போட்டியை அடியோடு நீக்கி, மறு பகுதியில் தனக்குச் சாதகமாகவும் பிறருக்குப் பாதகமாகவும் நிபந்தனைகளை விதித்தால் அது தடைசெய்யப்பட்ட கட்டுப்பாடே என்றும், அப்படித்தான் நடந்ததா என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பு போர்ச்சுகல் நீதிமன்றத்துடையது என்றும் அது சொன்னது. தரத்தைக் காப்பதற்காகவே இவ்வாறு செய்தோம் என்ற வாதத்தையும் நீதிமன்றம் எடைபோட்டது. தெளிவாக எழுதப்பட்ட, வெளிப்படையான, பாகுபாடற்ற அளவுகோல்களை வகுத்து, அவற்றை நிறைவு செய்யும் எவரையும் அனுமதித்திருந்தாலே தரத்தைக் காத்திருக்க முடியும் என்பதே அதன் முடிவு. மூன்று மாத விதியை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். புதிதாக ஒரு சட்டத் திருத்தம் வந்து, அதைப் பற்றி உடனே பயிற்சி தேவைப்படும் நாளில், கழகம் அடுத்த வாரமே வகுப்பைத் தொடங்கிவிடலாம்; மற்றவர்கள் மூன்று மாதம் கைகட்டி நிற்க வேண்டும். பார்வைக்கு வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றும் ஒரு காலக்கெடு, ஒரு மையத்தின் வருவாயையே பறித்துவிடக் கூடியது.

இதே நீதிமன்றம் 2008 ஜூலை 1 அன்று கிரேக்க நாட்டு வழக்கு ஒன்றிலும் இந்தக் கருத்தைத் தெளிவுபடுத்தியிருந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களைத் தானே நடத்தி வந்த ஓர் அமைப்புக்கு, பிறர் நடத்தும் பந்தயங்களுக்கு இசைவு தரும் அதிகாரத்தையும் சட்டம் கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்துக்கு வரம்பும் மேல்முறையீடும் இல்லாதிருந்ததே குறை என்று நீதிமன்றம் கண்டது.

நீங்கள் செய்யத்தக்கது என்ன? சங்கத்தின் வகுப்பை மூடச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. அது பொறாமை என்றே கொள்ளப்படும். உங்களுக்கும் சங்கத்தின் வகுப்புக்கும் ஒரே விதி வேண்டும் என்று கேளுங்கள். அங்கீகார அளவுகோல்கள் எழுத்தில் இருக்க வேண்டும்; விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்ற கெடு இருக்க வேண்டும்; மறுத்தால் காரணம் தர வேண்டும்; அந்தக் காரணத்தை ஆராயச் சங்கத்துக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். தேர்வாளர்களுள் எவரும் வகுப்பில் கற்பிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17024, ஒரே அமைப்பு பயிற்சியும் தந்து சான்றும் அளிப்பதை நடுநிலைமைக்கு ஓர் அச்சுறுத்தலாகவே கருதுகிறது. குறிப்பிட்ட ஒரு பயிற்சியில் சேர்ந்தால் சான்று பெறுவது எளிது என்ற எண்ணத்தை உண்டாக்குவதையும் அது விலக்குகிறது. உங்கள் மனுவில் இந்தத் தரத்தை மேற்கோளாகக் காட்டினால், சங்கம் அதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. விண்ணப்பித்த தேதி, நினைவூட்டிய தேதிகள், இடையில் சங்கம் தொடங்கிய வகுப்புகளின் தேதிகள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அருகருகே எழுதி இணையுங்கள். காலதாமதத்தால் யாருக்கு நன்மை ஏற்பட்டது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதும் முறையீட்டைவிட அந்த ஒரு தாள் தெளிவாகக் காட்டும்.

கேள்வி: எரிவாயுக் குழாய்ப் பணிக்கான உரிமத் தேர்வுக்குப் படிக்க இரண்டு மையங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 95 விழுக்காடு தேர்ச்சி என்று விளம்பரம் செய்கிறது. மற்றொன்றைக் கேட்டால் 81 விழுக்காடு என்கிறார்கள். முதலாவதில் சேர்வதுதானே அறிவு?

பதில்: எந்த எண்ணிக்கையை எந்த எண்ணிக்கையால் வகுத்து அந்த விழுக்காட்டைக் கண்டார்கள் என்று கேட்டறியாமல் சேராதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முதல் மையத்தில் 100 பேர் சேர்ந்தனர். உள்தேர்வு வைத்து, தேறமாட்டார்கள் என்று தோன்றிய 40 பேரை உரிமத் தேர்வுக்கு அனுப்பாமலே நிறுத்திவிட்டனர். சென்ற 60 பேரில் 57 பேர் தேறினர்; ஆகவே 95 விழுக்காடு. இரண்டாவது மையத்தில் 50 பேர் சேர்ந்து 48 பேர் தேர்வெழுதி 39 பேர் தேறினர்; ஆகவே 81 விழுக்காடு. ஆனால் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் முதல் மையத்தில் 57 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 78 விழுக்காட்டினரும் தேறியிருக்கிறார்கள். பணம் கட்டப் போகும் உங்களுக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் வேண்டும். விளம்பரத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆயினும் அதை நம்பிச் சேர்பவர் ஏமாறுகிறார்.

முதல் முயற்சியில் தேறியவர்களா, மூன்றாம் முயற்சியில் தேறியவர்களையும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். எழுத்துத் தேர்வை மட்டும் கணக்கில் கொண்டு செய்முறைத் தேர்வை விட்டுவிடும் விளம்பரங்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் தரத் தயங்காத மையத்தை நான் ஒரு படி மேலாகவே மதிப்பேன். பிறகு பட்டறைக்குச் செல்லுங்கள். கசிவுச் சோதனைக் கருவி ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள், ஒவ்வொருவரும் தம் கையால் எத்தனை முறை இணைப்புப் போட்டுச் சோதிப்பார்கள், பின்னால் நின்று பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதை வகுப்பு நடக்கும் நேரத்தில் கண்ணால் பார்த்தால், எந்த விழுக்காடும் சொல்லாததைத் தெரிந்துகொள்வீர்கள். இடையில் விலக நேர்ந்தால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

இதில் உரிம வாரியங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஒவ்வொரு மையத்திலும் சேர்ந்தவர், தேர்வெழுதியவர், முதல் முறையிலேயே தேறியவர் என்ற மூன்று எண்களையும் வாரியமே ஒரே முறையில் திரட்டி வெளியிட்டால் விளம்பரப் போர் பாதியாகக் குறையும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வெளியிடுவது இருக்கும் நோயை வளர்க்கும். ஏனெனில் பின்தங்கிய மாணவருக்குக் கூடுதலாகக் கற்றுக்கொடுப்பதைவிட அவரைத் தேர்வறைக்கு அனுப்பாமல் தடுப்பது மையத்துக்கு எளிது. சேர்ந்தவர் எண்ணிக்கையும் உடன் வெளிவந்தால்தான் அந்தக் குறுக்குவழி அடைபடும்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் வெல்டர் தகுதிச் சான்றுக்குப் பயிற்சி தரும் மையங்கள் ஐந்து. ஒருவர் கட்டணத்தைக் குறைக்க, அடுத்தவரும் குறைக்க, இப்போது மின்முனைக் கம்பி வாங்கக்கூடக் கட்டுப்படியாகவில்லை. ஐவரும் உட்கார்ந்து பேசி, குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். தரத்தைக் காப்பாற்றத்தானே இதைச் செய்கிறோம், தவறுண்டா?

பதில்: உங்கள் நெருக்கடி உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கம்பியையும் தகட்டையும் மிச்சம் பிடித்து நடத்தப்படும் வெல்டிங் வகுப்பு, நீந்தாமலே நீச்சல் கற்பிப்பது போன்றது. ஆனாலும் நீங்கள் நினைத்த வழியில் போகாதீர்கள். போட்டியாளர்கள் கூடிக் கட்டணத்தை முடிவு செய்வது, போட்டிச் சட்டம் உள்ள ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் செயல். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி, இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், சிங்கப்பூரின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வரை இதில் வேறுபாடு இல்லை. உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுமில்லை. தேநீர் அருந்தியபடி தலையசைத்ததும் உடன்பாடாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

தரத்தைக் காக்கவே குறைந்தபட்சக் கட்டணம் என்ற வாதமும் பழையதுதான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு தம்பதியர் வீடு வாங்கும்போது, பத்திரத்தைச் சரிபார்க்க வழக்கறிஞரைத் தேடினர். முதலில் அணுகியவர், வழக்கறிஞர் சங்கத்தின் கட்டணப் பட்டியலில் உள்ளதையே கேட்டார். வேறு 36 வழக்கறிஞர்களுக்கு எழுதிக் கேட்டனர். பதில் தந்த 19 பேரில் ஒருவர்கூட அந்தப் பட்டியலுக்குக் கீழே இறங்கவில்லை. 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலைச் சட்டவிரோதம் என்றது. கல்வியும் ஒழுக்கமும் சார்ந்த தொழில் என்பதனால் வழக்கறிஞர்களுக்கு விலக்கு இல்லை என்றால், பயிற்சி மையங்களுக்கு எங்கிருந்து விலக்கு வரும்?

நீங்கள் ஐவரும் சேர்ந்து செய்யத்தக்கவை வேறு பல உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே அரைகுறைப் பட்டறை வைத்திருப்பதற்குப் பதிலாக, எக்ஸ்-கதிர்ச் சோதனை, வளைவுச் சோதனை போன்ற செலவுமிக்க ஆய்வுகளுக்கு ஒரு பொது வசதியை ஏற்படுத்தலாம். பொருள்களைக் கூட்டாகக் கொள்முதல் செய்வதைப் பற்றிச் சட்ட ஆலோசனை பெற்று முடிவெடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் மாணவர் கட்டணத்தைப் பற்றிய பேச்சே எழக் கூடாது. எழுந்தால் மறுப்பைக் குறிப்பேட்டில் பதியச் செய்துவிட்டு வெளியேறுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு மாணவருக்கு இத்தனை மீட்டர் பற்றவைப்பு, இத்தனை சோதனைத் துண்டுகள் என்று குறைந்தபட்சப் பயிற்சி அளவை அங்கீகார விதியிலேயே சேர்க்குமாறு வாரியத்தைக் கேளுங்கள். கட்டணத்துக்குத் தரைமட்டம் வைப்பதைவிடப் பயிற்சிக்குத் தரைமட்டம் வைப்பதே உங்கள் துன்பத்துக்கு நேரான மருந்து. அந்த அளவை நிறைவேற்றியும் ஒருவரால் குறைந்த கட்டணத்தில் நடத்த முடிகிறதென்றால், அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏதோ இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஓர் உரிம வாரியத்தின் உறுப்பினர். கட்டாயப் பயிற்சி நேரத்தை 120 மணியிலிருந்து 200 மணியாக உயர்த்தும் முன்மொழிவு எங்கள் முன் உள்ளது. முன்மொழிந்தவர்களுள் இருவர் சொந்தமாகப் பயிற்சி மையம் நடத்துகிறார்கள். பாதுகாப்பு என்று அவர்கள் சொல்லும்போது எதிர்த்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. எப்படி முடிவெடுப்பது?

பதில்: இப்படிக் கேட்க உங்களுக்குத் தோன்றியதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும் வாரியங்கள்தாம் மிகுதி.

அந்த இருவரும் தங்கள் நலனை எழுத்தில் அறிவித்துவிட்டு, வாக்கெடுப்பின்போது விலகி நிற்க வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். அவர்களின் அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருத்தைச் சொல்லட்டும், கையை மட்டும் உயர்த்தாதிருக்கட்டும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல் மருத்துவ வாரியத்தின் கதை இங்கே நினைவுகூரத்தக்கது. எட்டு உறுப்பினர்களுள் ஆறு பேர் தொழில் செய்துவரும் பல் மருத்துவர்கள். பல் மருத்துவர் அல்லாதோர் குறைந்த கட்டணத்தில் பல் வெண்மையாக்கும் சேவை தரத் தொடங்கியதும், அதை நிறுத்தச் சொல்லிக் குறைந்தது 47 கடிதங்களை வாரியம் அனுப்பியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில், அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருப்பவர்களே கட்டுப்படுத்தும் வாரியம், மாநில அரசின் நேரடி மேற்பார்வை இல்லாத நிலையில், அரசு அமைப்பு என்ற பெயரைக் காட்டிப் போட்டிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். முடிவின் பயன் யார் கைக்குப் போகிறதோ அவரே முடிவெடுத்தால் அது நிலைக்காது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த 80 மணி நேரத்தைப் பிரித்துக் கேளுங்கள். எந்தெந்த விபத்துகள் எந்தத் திறன் இல்லாததால் நேர்ந்தன? அந்தத் திறனை 120 மணிப் பாடத்திட்டத்தில் எங்கே விட்டுவிட்டோம்? அதைத் தேர்வில் சோதிக்க முடியுமா? முடியுமென்றால் தேர்வைக் கடினமாக்குவது போதும். விரைந்து கற்பவர் விரைந்து முடிக்கட்டும். தினக்கூலிக்கு உழைப்பவருக்கு 80 மணி என்பது பத்து நாள் ஊதிய இழப்பு; கட்டணம் அதற்கு மேல்.

ஆனால் எல்லா மணிநேர விதியையும் சூழ்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். மின்னோட்டத்தைத் துண்டித்து, பூட்டிட்டு, சோதனைக் கருவியால் இருமுறை உறுதி செய்த பிறகே கையை வைக்கும் பழக்கம் தேர்வு நாளில் எல்லோரிடமும் இருக்கும். ஆறு மாதம் கழித்து, அவசரமான ஒரு மாலைப் பொழுதில், களைத்த கையிலும் அது இருக்க வேண்டுமானால் அதைத் திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பழக்கங்களைத் தேர்வால் அளக்க முடியாது. அவற்றுக்கு மணிநேரம்தான் வழி. முன்மொழிந்தவர்கள் 80 மணியில் எத்தனை மணி இதற்குப் போகிறது என்று காட்டினால், அந்த மணிகளுக்கு நீங்கள் தயங்காமல் இசையலாம். ஏற்கெனவே பல ஆண்டு தொழிலில் இருப்பவர்களுக்குத் திறனறிந்து விலக்களிக்கும் விதியையும் உடன் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் திருத்தத்தை அவர்கள் எவ்வளவு கடுமையாக எதிர்க்கிறார்கள் என்பதிலிருந்து உங்களுக்குச் சில தெளிவாகும்.

விதி ஒருமுறை ஏறிவிட்டால் இறங்குவது அரிது. இங்கிலாந்தில் 1563-இல் இயற்றப்பட்ட சட்டம், அப்போதிருந்த தொழில்களில் ஈடுபட ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பின்னாளில் தோன்றிய தொழில்களுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் கொண்டதால், வண்டி செய்பவர் தன் வண்டிக்குச் சக்கரம் செய்துகொள்ள முடியாது, சக்கரம் செய்பவரோ வண்டியே செய்யலாம் என்ற நிலை உண்டாயிற்று என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எடுத்துக்காட்டினார். அந்த விதி நீக்கப்பட்டது 1814-இல். ஆகவே, நேரத்தை உயர்த்துவது என்று முடிவானால், மூன்றாண்டில் மறுஆய்வு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பயிற்சிக் கட்டணத்தை முழுவதும் கட்டிவிட்டேன். இப்போது மையத்தின் கருவிப் பெட்டியையும் வாங்கினால்தான் வருகைச் சான்றைத் தருவோம் என்கிறார்கள். அதே கருவிகள் என்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

பதில்: வருகைச் சான்று நீங்கள் வகுப்பில் இருந்ததற்கான பதிவு, அதை வேறொரு விற்பனைக்குப் பிணையாக வைக்க மையத்துக்கு உரிமை இல்லை. சேரும்போது கொடுத்த விவரக் குறிப்பில் கருவிப் பெட்டி கட்டாயம் என்று எழுதியிருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால், சான்றை எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுமொழி வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலுடன் உரிம வாரியத்துக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சண்டையிட்டுவிட்டு வந்தால், அப்படி ஒரு நிபந்தனையே போடவில்லை என்று பின்னர் சொல்வார்கள்.

கேள்வி: குளிர்பதனப் பயிற்றுநராக எட்டாண்டு வேலை பார்த்த மையத்திலிருந்து விலகுகிறேன். இரண்டாண்டுக்கு வேறெந்த மையத்திலும் கற்பிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கட்டுப்பட வேண்டுமா?

பதில்: வேலையை விட்ட பிறகும் தொடரும் இத்தகைய தடையைச் சில நாடுகளின் சட்டம் அறவே ஏற்பதில்லை, வேறு சில நாடுகளில் காலமும் எல்லையும் நியாயமாக இருந்தால் ஏற்கப்படும். ஆகவே ஒப்பந்தத்தை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். நியாயத்தைக் கேட்டால், என் எண்ணம் இது. அந்த மையம் எழுதிய பாடக் குறிப்புகள், கேள்வி வங்கி, மாணவர் பட்டியல் ஆகியவை அதன் சொத்து. அவற்றின் ஒரு பக்கத்தைக்கூட எடுத்துச் செல்லாதீர்கள். செம்புக் குழாயை எப்படிப் பற்றவைப்பது, அழுத்தமானியை எப்படிப் படிப்பது என்று எட்டாண்டு கற்பித்து உங்களுக்குள் ஊறிய திறமை உங்களுடையது. நல்ல பயிற்றுநர்கள் குறைவாக இருக்கும் தொழிலில், ஒருவரை இரண்டாண்டு வீட்டில் உட்கார வைப்பதால் இழப்பு அவருக்கு மட்டுமில்லை; அவரிடம் கற்றிருக்கக் கூடியவர்களுக்கும்தான்.

கேள்வி: நாங்கள் மணி தவறாமல் வகுப்பு நடத்துகிறோம். அருகிலுள்ள ஒரு மையத்தில் இரண்டு நாள் முகம் காட்டினால் போதும். முழு வருகையும் போட்டுச் சான்று கொடுத்துவிடுகிறார்கள். மாணவர்கள் அங்கேதான் போகிறார்கள். நேர்மையாக நடத்துவதே எங்களுக்குக் கேடாகிவிட்டது.

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்து வருந்தினேன். செய்முறைத் தேர்வாளராக அமர்ந்த நாள்களில், முழு வருகைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரின் முனைகளை எங்கே செருகுவதென்று தெரியாமல் நின்ற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள், குறுக்குவழி இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள்.

பொருளின் தரத்தை வாங்குபவர் கண்டறிய முடியாத சந்தையில், மட்டமானது நல்லதை விரட்டிவிடும் என்பதை 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கினார். உங்கள் சந்தை அதனினும் மோசமானது. ஏனென்றால் பழைய காரை வாங்குபவர் நல்ல காரையாவது விரும்புகிறார், உங்களிடம் வருபவர்களுள் சிலர் சான்றை மட்டுமே விரும்புகிறார்கள். உண்மையில் இழப்புக்கு ஆளாகப் போகிறவர், நாளை அவர்கள் போட்ட இணைப்பின் கீழ் வாழப் போகும் வீட்டுக்காரர். அவருக்கு இந்தப் போட்டியில் குரலே இல்லை. இதனால்தான் போலி வருகையை ஒரு மையத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான வியாபாரப் பூசலாக நான் கருதுவதில்லை.

வாரியத்துக்கு எழுதுங்கள், ஆனால் "அவர்கள் ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதாதீர்கள். அவர்கள் அறிவித்த வகுப்பு அட்டவணை, அதே நேரத்தில் பட்டறை பூட்டியிருந்த நாள்கள், ஒரே பயிற்றுநரின் பெயர் ஒரே வேளையில் இரண்டு வகுப்புகளில் காணப்படுவது, பட்டறையின் இருக்கை எண்ணிக்கையை மீறிய சேர்க்கை ஆகிய சரிபார்க்கத்தக்க செய்திகளை மட்டும் எழுதுங்கள். மாணவர் எவரின் பெயரையும் குறிப்பிட வேண்டாம். அவர்களுடைய உரிமம் பறிபோனால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்த வேண்டும், அந்த ஆய்வு உங்கள் மையத்திலிருந்தே தொடங்கலாம் என்றும் எழுதிக் கையெழுத்திடுங்கள். இதற்கிடையில் உங்கள் வகுப்பறைக் கதவை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி திறந்தே வையுங்கள். இந்தப் பகுதிக்கு எழுதிய எரிவாயுக் குழாய் வாசகரைப் போலப் பட்டறையைப் பார்த்துவிட்டுச் சேர நினைப்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.